ஹம்சாவின் ரெண்டு ஹாரன்

துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையோரம் மகேசன் நடத்திய டீக்கடைதான் பஸ் நிற்குமிடம். பலகை இல்லாவிட்டாலும் பக்கத்துத் தொழிலாளர் கேம்புகளுக்கெல்லாம் தபால் நிலையமும் அதுவே. நகரத்துத் தபால் பெட்டியிலிருந்து எடுத்துவரும் பையில் கடிதம் இருந்தால், மலையாளி டிரைவர் ஹம்சா ரெண்டு தரம் ஹாரன் அடிப்பார். வாயில் வைத்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்கள் ஓடுவார்கள்.

2007க்குள் எல்லார் கையிலும் மொபைல் வந்து, தபால் பை காற்று வாங்கியது. போர் மூண்ட வன்னியில் போனில்லாமல் இருந்த மனைவி ராசம்மாவின் கடிதத்துக்காக மகேசன் மட்டும் காத்திருந்தார்.

"மாஃபி, ஒண்ணும் இல்ல, மகேசன் பாய்" என்று ஹம்சா கையை விரித்தார்.

"இல்லாட்டியும் பரவாயில்லை. நாளையில இருந்து ரெண்டு தரம் அடியுங்கோ."

"எதுக்கு பாய்?"

"கடையில இருந்து பஸ்ஸடிக்கு ஓடிவாற அவ்வளவு நேரமும் அவவின்ர கடிதம் வந்திட்டுது எண்டு இருக்குமே."