வெளுத்த அட்டியல்

குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜனார்த்தனன் படம் எடுத்தால் மணப்பெண் வெள்ளையாக வருவாள் என்பது கண்டியில் பாதித் தமிழ் வீடுகளுக்குத் தெரியும். கைராசி என்பார்கள். அவனும் மறுத்ததில்லை. “நான் எடிட்டே பண்றதில்லீங்க. கமரா குடுக்கிறதுதான்” என்பான்.

ஒரு விதத்தில் அது உண்மைதான். கமரா சமைக்காமல் தருகிற பச்சைப் படத்துக்குத் தொழிலில் ‘ரோ’ என்று பேர். அதைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றாக நிறம் திருத்த வேண்டும். நம்ம ஆளுக்கு உடம்பு வளையாது. ஒருநாள் மென்பொருளுக்குள் புகுந்து படம் திறந்ததும் தானாக விழும் ‘டிபோல்ட்’ அமைப்பையே மாற்றி வைத்துவிட்டான். தன் கமராவில் எடுத்த எந்தப் படத்தைத் திறந்தாலும் அதிலுள்ள செம்மஞ்சள் தானாக வெளுத்துப் பளிச்சென்று வரும். கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் அந்த மென்பொருளுக்குச் செம்மஞ்சள்தான். அன்றிலிருந்து அவன் ஒன்றையும் தொடுவதில்லை. தொடாதவனை எடிட் பண்ணினான் என்று யார் சொல்ல முடியும்?

மார்க்கட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சந்திரகுமாரின் மகள் சிந்துஜாவும் அப்படித்தான் வெள்ளையாக வந்தாள். கல்யாண அல்பத்தைப் பார்த்து வீடே பூரித்தது. அது மாத்தளைக்கு, மாமியார் வீட்டுக்குப் போன பிறகுதான் வினை பிடித்தது.

ஒரு காலையில் அப்பாவும் மகளும் ஸ்டூடியோ படியேறி வந்தார்கள். சந்திரகுமார் கதிரையில் உட்காரக்கூட இல்லை. அல்பத்தை மேசையில் போட்டார்.

“தம்பி, நான் போட்ட நகையெல்லாம் கவரிங்னு பேசுறாங்க.”

ஜனார்த்தனன் புரட்டிப் பார்த்தான். அடப் பாவமே! அட்டியலும் வளையலும் சாயம் போன பித்தளையாட்டம் வெளுத்துக் கிடந்தன. தங்கமும் செம்மஞ்சள்தானே. இத்தனை வருடம் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது படவில்லை.

“ஆசாரிகிட்ட உரசிப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதானே?” என்றான்.

“அதுவும் பார்த்தாச்சு. தங்கம்தான்னு சொல்லிட்டாரு” என்றாள் சிந்துஜா. “ஆனா படம் வட்ஸ்அப்ல கனடா வரைக்கும் போயிருச்சுண்ணே. உரைகல்லைத் தூக்கிக்கிட்டு அங்கெல்லாம் போக முடியுமா? வீட்டுக்கு வர்ற சொந்தமெல்லாம் என் கழுத்தைத்தான் பார்க்குது.”

அவள் குரல் உடைந்தது. பாவம், அந்த வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் படம் மாறியாக வேண்டும்.

ஜனார்த்தனன் கணினியில் படத்தைத் திறந்து செம்மஞ்சளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். அட்டியல் ஜொலித்தது. கூடவே சிந்துஜாவும் தன் சொந்தக் கறுப்புக்குத் திரும்பினாள்.

சந்திரகுமார் திரைக்குக் கிட்டே குனிந்தார். “நகை சரி. முகத்தை மட்டும் முந்தி மாதிரி வச்சிட்டா என்ன?”

வைக்கலாம். ஆனால் முகத்தைத் தனியே பிரித்து, படம் படமாகக் கையால் செய்ய வேண்டும். நினைத்ததுமே அவனுக்கு முதுகு வலித்தது. “ஏலாதுங்க. ரெண்டுல ஒண்ணுதான்” என்று கூசாமல் சொன்னான்.

சந்திரகுமார் மகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை.

“அப்ப நகையே இருக்கட்டும்.”

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் அதுதாம்ப்பா நல்லது. படத்துல இருந்த வெள்ளைப் பிள்ளை எங்கன்னு அத்தை தினமும் கேக்குறாங்க.”

புது அல்பம் மாத்தளைக்குப் போனது. பேச்சும் அடங்கியது. ஜனார்த்தனன் இதில் பாடம் படித்துக்கொண்டதாகத்தான் சொல்லிக்கொள்கிறான். இப்போது அவனிடம் இரண்டு டிபோல்ட் இருக்கின்றன. கல்யாணத் தேதியைக் கேட்பதற்கு முன்னால், “நகை சொந்தமா, வாடகையா?” என்று கேட்கிறான். அதை வைத்துப் பெண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கிறான். கவரிங் வெளுத்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

போன வாரம் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து அழகமுத்து என்பவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேச வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாடகைதான் தம்பி. கவரிங்கு.”

“அட, அதுக்கு ஏன் முகம் வாடுது? அப்ப உங்க பிள்ளை நல்லா வெள்ளையா வரும்.”

அழகமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புண்ணியவான் என்று அவனைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.