கர்னலின் பங்காளி

துறை அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“டீச்சருங்களா? நான் வல்லத்திராக்கோட்டை சின்னையா பேசுறேங்க. கர்னலுக்குப் பங்காளி. அண்ணன் காலையில தவறிட்டாக. காலேஜுக்கு ஒங்ககிட்டச் சொன்னாப் போதும்னு அவுக மக சொல்லுச்சு.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். செய்தியைச் சொன்னது யார் என்பது பிறகுதான் உறைத்தது. அண்ணன் தம்பி முறையான அந்த இருவரும் பல ஆண்டுகளாக முகம் பார்த்துப் பேசியதில்லை.

கர்னல் அடைக்கலத்தை எங்கள் மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர், எங்கள் கல்லூரியின் பாதுகாப்பியல் துறைக்கு வருகை ஆசிரியராக வந்தார். பிராந்தியப் பாதுகாப்பில் படைகளின் பங்கு என்ற தாளை அவரும் நானும் பிரித்துக்கொண்டு நடத்தினோம். நாடுகள் போடும் ஒப்பந்தங்கள் என் பாகம். அந்தக் காகிதம் முகாமுக்குப் போனால் என்ன ஆகும் என்பது அவர் பாகம்.

வந்த புதிதில் என் தமிழ்க் குறிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நம்மோடு பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்ட தூரத்து வல்லரசு ஒன்றை ‘நமது பங்காளி நாடு’ என்று எழுதியிருந்தேன். செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது.

“மேடத்துக்கு எந்த ஊரு?”

“அறந்தாங்கிப் பக்கம் சார்.”

“அறந்தாங்கியில பங்காளின்னா யாரு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் பங்காளி என்றால் தகப்பன் வழி உறவு, ஒரே பாட்டன் நிலத்தைப் பங்கு பிரித்தவர்கள். வரப்புத் தகராறும் அவர்களோடுதான், சாவுத் தீட்டும் அவர்களோடுதான். பெண் கொடுத்து எடுக்கிற சம்பந்தி வீடு வேறு.

“தூரத்து நாடு சம்பந்தி மேடம். சீரோட வருவாக, விருந்து சாப்பிடுவாக, மனசு கோணுச்சுன்னா வரத்து நின்னுரும். பக்கத்து நாடுதான் பங்காளி. அவன் வீட்ல சாவு விழுந்தா நமக்குத் தீட்டு. வேணாம்னு சொல்ல முடியுமா?”

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் உலகம் சம்பந்தி, பங்காளி என்று இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகள் அதைத் தேர்விலும் எழுதி வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ‘சம்பந்தி நாடுகள்’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, இது கல்யாண வீடா என்று என்னிடம் கேட்டார். நான் கர்னலிடம் சண்டைக்குப் போனேன். “அவருக்குப் பங்காளி இல்ல போல மேடம், குடுத்து வச்ச மனுசன்” என்றார்.

அண்டை நாட்டுப் படையோடு நடந்த கூட்டுப் பயிற்சிகளில் அவர் பலமுறை இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், துப்பாக்கிக் கதை வரும் என்று. அவர் சொன்னது வேறு. “மொத நாள் யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டோம். வயர்லெஸ்ல பேசிப் பழகுவோம். நான் ‘நிறுத்து’ன்னா அவனுக்கும் அது நிறுத்துன்னே கேக்கணும். அதுக்கே பொழுது போயிரும். சுடுறதுக்கு எல்லாருக்கும் தெரியும். நிறுத்துறதுக்குத்தான் ரெண்டு பேரு வேணும்.”

கோட்டைப்பட்டினத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தகப்பனார் எல்லை தாண்டியதாகக் கடலில் பிடிபட்டு, அக்கரையில் சிறையில் இருந்து திரும்பியவர். “ரெண்டு நாட்டுப் படையும் ஒண்ணாப் பயிற்சி எடுக்குறாக, ஒண்ணாச் சாப்பிடுறாக. அப்ப எங்க அத்தாவப் புடிச்சப்ப யாரு சார் பேசுனா?” என்று கேட்டாள். கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்கதாம்மா பேசியிருக்கணும். பழகி வச்சதே அதுக்குத்தான். நாங்க பேசுனது பத்தல” என்றார். சமாளித்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு நான் ஒருமுறைதான் போனேன். பாடத்திட்டம் பேசிக்கொண்டே வயல் பக்கம் நடந்தோம். எதிரே வந்த ஒருவர் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் போனார்.

“யார் சார்?”

“பங்காளி. சித்தப்பா மகன் சின்னையா.”

இவர் எல்லையில் காவல் இருந்த காலத்தில் அவர் இங்கே வரப்பை நகர்த்திவிட்டார் என்பது இவர் வழக்கு. பழைய வரப்பே அங்கேதான் இருந்தது என்பது அவர் வழக்கு. அளந்து பார்த்தும் தீரவில்லை. நான் சும்மா இல்லாமல் சீண்டினேன். “பதற்றம் வந்தா ரெண்டு தளபதியும் நேரா போன்ல பேசணும்னு வகுப்புல சொல்றீங்க. இங்க ஒரு போன் போட முடியாதா சார்?”

“போடலாம் மேடம். யாரு மொதல்ல போடுறதுங்கிறதுதான் சிக்கல். எல்லா நாட்டுக்கும் அதே சிக்கல்தான்.” வாய்க்காலைத் தாண்டியதும் சொன்னார்: “எனக்கு ஆம்பளப் பய இல்ல. பொண்ணக் கொள்ளி வைக்க ஊரு விடாது. வைக்கப் போறவன் அவன்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொங்கலுக்குப் பேசிரணும்.”

பொங்கல் வந்தது. கேட்டேன். ஆடியில் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆடியும் போயிற்று. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது. இறந்த மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். இத்தனை தெளிவாகத் தெரிந்த ஒன்றை அவர் தன் வயலில் செய்து பார்க்காமலே போய்விட்டாரே என்று மனம் ஆறவே இல்லை.

செய்தி வந்த அன்று மாணவர்களோடு போனபோது வாசலில் சம்பந்தி வீட்டார் கோடித் துணியோடு நின்றார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த முன்னாள் படைவீரர்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். கொள்ளி வைத்தது சின்னையா. சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாகத் திரும்பியவர் என்னைத் தேடி வந்தார்.

“நீங்கதான் போன்ல பேசுன டீச்சரா? என்னையப் பத்தி வகுப்புல அண்ணன் ஏதும் சொல்லுவாகளா?”

“பேர் சொன்னதில்லைங்க. பங்காளியைப் பத்திச் சொல்லுவார். வேண்டாம்னாலும் தீட்டுக் காக்க வேண்டியவர்னு.”

அவர் தலையைத் தடவிக்கொண்டார். “காக்குறேன்ல” என்றார். பிறகு, “நாந்தான் சின்னவன். நான் மொதல்ல பேசியிருக்கணும். அண்ணன் கூப்பிடுவாக, கூப்பிடுவாகன்னே இருந்துட்டேன்” என்றார்.

காரியம் முடியும்வரை எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

“இங்கதான். அண்ணன் வீட்லதான். வேற எங்கிட்டுப் போவேன்?”

இத்தனை ஆண்டுகள் மிதிக்காத படியேறி உள்ளே போய், சுவரோரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

கர்னலிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல். இந்த ஆண்டும் அந்தத் தாளை நடத்துகிறேன், இரண்டு பாகத்தையும் நானே. கரும்பலகையில் ‘பங்காளி’ என்று எழுதினால் புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, யார் முதலில் பேசுவது என்று அவர்களைக் கேட்கிறேன்.