சோடி சேராத தூண்கள்

தொண்ணூறுகளின் நடுவில், பாரிசிலிருந்து வந்திருந்த மச்சானை, இத்தாலியில் பலெர்மோ நகருக்கு மேலே குன்றில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடந்த இடம் அது. மன்னாரில் செய்வதுபோலவே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

நோர்மன் அரசர் காலத்துச் சுவர், அரபுக் கொத்தர்கள் கட்டிய கூர்வளைவுகள் என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டறிந்த எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினேன். மச்சான் தூண்களையே பார்த்தார். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். குட்டையான ஒன்றுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள்.

"என்ன, ஒண்டும் சோடி சேரேல்லை?" என்றார்.

"எல்லாம் இடிஞ்ச பழைய கட்டடங்களிலை இருந்து கொண்டந்த தூண்" என்றேன்.

"அது சரி, வாய்க்கு வாய் எங்கடை கோயில் எங்கிறாய். இஞ்சை இருக்கிறதுக்கு இத்தாலிக்காரன் குடுக்கிற அனுமதிக் கடுதாசி, அந்தப் பெர்மெசோவே உனக்கு இன்னும் தரேல்லை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குட்டைத் தூணைத் தட்டிக் காட்டினேன்.

"இதுவும் வெளியிலை இருந்து வந்ததுதான். எத்தினையோ நூறு வருசமாக் கூரையைத் தாங்குது. இதிட்டை ஆரும் பெர்மெசோ கேட்டவையோ?"