கந்தப்பன் அரைத்த மிளகாய்

வால்பாறை மலைப்பாதையில் பதினெட்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டும் வெள்ளகோவில் கந்தப்பன், நாற்பது கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்தில்கூடச் சொல்வார். இருபத்திரண்டாவதை மட்டும் விருட்டென்று தாண்டிவிடுவார். நான்கு வருடம் முன்பு, மூடுபனியில், அங்கே காரில் ஏதோ மோதியது. அவர் நிறுத்தவில்லை. காட்டுப்பன்றி என்று டிங்கரிங் பட்டறையில் சொன்னார், மனைவியிடம் சொன்னார், கடைசியில் தனக்கே சொல்லிக்கொண்டார். மனசு பாவம், அதையும் நம்பித் தொலைத்தது.

போன மார்கழியில் தாராபுரத்து நாச்சியம்மாளும் மகள் ரித்திகாவும் அவர் காரில் மலை பார்க்கக் கிளம்பினார்கள். முதலில் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். தமக்கு அநியாயம் செய்தவனை அம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். நியாயம் கிடைத்ததும் திரும்பி வந்து அம்மன் குளிர எண்ணெய்க்காப்பு செய்வார்கள். நாச்சியம்மாளின் வலது கையில் மாவுக்கட்டு.

"குடுங்கக்கா, நான் அரைச்சுத் தாரேனுங்க" என்றார் கந்தப்பன். யாருக்கு எதிராக என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் கேட்கவில்லை.

ஆழியாறு அணையில் கை கழுவினார். எரிச்சல் போகவில்லை. மழைக்காட்டு ஓடையில் மணல் போட்டுத் தேய்த்தார். ஒரு குரங்குகூடச் சத்தம் போடாத காடு. சோலையாறு ஏரியில் முழங்கைவரை முக்கியும் எரிச்சல் தோளுக்கு ஏறியது. ரித்திகா படம் எடுத்துத் தள்ளினாள். நாச்சியம்மாள் ஏரியையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. கந்தப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது நாலு மணிக்கே பனி மூடியது.

"இருபத்திரண்டுல கொஞ்சம் நிறுத்துங்க தம்பி."

கந்தப்பன் ஓரங்கட்ட, மூவரும் இறங்கினார்கள். தடுப்புச்சுவரில் ஒரு காய்ந்த சாமந்தி மாலை தொங்கியது.

"எங்கப்பா பைக்கோட உழுந்தது இங்கதானுங்க" என்றாள் ரித்திகா. "அடிச்சவங்க நிக்கவே இல்லீங்க. பன்னின்னு நெனச்சிருப்பாங்கன்னு அம்மா சொல்லும்."

"கை இன்னும் எரியுதுங்களா தம்பி?" என்று கேட்டார் நாச்சியம்மாள்.

இல்லை என்று சொல்லத்தான் கந்தப்பன் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "பன்னியில்லீங்கக்கா. பைக் லைட்டு தெரிஞ்சுதுங்க. பாத்துப்போட்டுத்தான் போனேனுங்க."

ரித்திகாவின் போன் கீழே விழுந்தது. நாச்சியம்மாள் அழவில்லை, ஏசவில்லை. காரில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்க. நடை சாத்தறதுக்குள்ள ஆத்தாளுக்கு எண்ணெய்க்காப்பு போட்டுப்போடலாம். எண்ணெயையும் நீங்கதான் தூக்கிட்டு வரோணும். எனக்குத்தான் கை ஆகாதுங்களே."