சீதேவி அவுஸ்திரேலியக்காரி ஆன விதம்

மொன்ட்ரியாலில் சீதேவிக்குத் தெரியாத பேக்கரி இல்லை. கோட்-டெ-நெய்ஜில் எந்தக் கடையின் குறோசோன் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும், மொன்ட்ரியால்-நோரில் எந்த ஹெயிட்டிக்காரரின் பற்றீஸில் இறைச்சி கூட, எந்த லெபனான் கடையில் ரொட்டிக்கு மேல் தூவுகிற எள்ளில் கஞ்சத்தனம் காட்டுவார்கள், போர்த்துக்கீசரின் முட்டை டார்ட்டை ஏன் திங்கட்கிழமை வாங்கக்கூடாது எல்லாம் அவளுக்கு அத்துபடி. அவளோடு பஸ்ஸில் ஏறினால் போகிற இடத்துக்கு மூன்று தரிப்பு முன்னாலேயே இறங்க வேண்டி வரும் என்பது கணவர் இரவிச்சந்திரனின் நிரந்தர முறைப்பாடு. அவர் யாழ்ப்பாணம், இவள் மட்டக்களப்பு. இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் எந்த ஊர்த் தமிழ் சரியானது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இப்படிப்பட்டவள் பத்தொன்பது வருடம் பார்த்த வேலைதான் வேடிக்கை. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு கம்பனியில், ஒவ்வொரு தட்டிலும் பொலித்தீன் சுற்றிய ஒரு சின்ன ரொட்டியை, அவளுடைய பேச்சில் பணிஸை, வைப்பது அவளுடைய பொறுப்பு. அந்தப் பணிஸை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. "அது பணிஸ் இல்ல, பணிஸிட படம்" என்பாள்.

போன வருடம் அந்தக் கம்பனி பணிஸ் வைக்க ஒரு இயந்திரம் வாங்கியது. சீதேவி வீட்டில் இருந்தாள். ஆறு கிழமை வீட்டில் இருந்ததில் இரவிச்சந்திரனின் காற்சட்டைகள் எல்லாம் இடுப்பில் இறுகிவிட்டன. இனித் தாங்காது என்று மகள் கௌசிதான் தன்னுடைய போனில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். கோட்-டெ-நெய்ஜில் புதிதாகத் திறந்த அவுஸ்திரேலியப் பேக்கரிக்கு ஆள் தேவை.

கடையின் பெயர் பிரெஞ்சில் 'தென்சிலுவை'. அவுஸ்திரேலியக் கொடியில் இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தின் பெயர் அது. ஆனால் அந்தத் தெருவில் வானசாஸ்திரம் படித்தவர்கள் குறைவு. வயதான அம்மாமார் மெழுகுதிரி கேட்டு வந்தார்கள். ஒருவர் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டு, பதிலுக்குக் கிடைத்த, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்றை மரியாதையோடு வாங்கிப் போனார்.

கடைக்காரி லின்னுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாய் தகப்பன் வியட்நாமிலிருந்து படகில் தப்பி அவுஸ்திரேலியா போனவர்கள். லின் பிறந்து வளர்ந்தது மெல்பேணில். மொன்ட்ரியால்காரன் ஒருவனைக் கட்டி இங்கே வந்தவள். அவளுடைய இங்கிலீசு மழைத்தண்ணீர் பீலியில் ஓடுகிற மாதிரி ஓடும். நேர்முகத்தில் அவள் கேட்ட கேள்வியில் சீதேவிக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் மட்டும்தான்: அவுஸ்திரேலியா.

"யெஸ், யெஸ்" என்றாள் சீதேவி. தங்கச்சி சஜிதா அங்கேதானே இருக்கிறாள். "டண்டினோங்."

லின் கதிரையை விட்டு எழும்பினாள். "டண்டினோங்கா! நான் பக்கத்தில், ஸ்பிறிங்வேல்!" என்று கத்திக்கொண்டு வந்து சீதேவியைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்து நிற்கிற ஒருத்தியிடம், பொறுங்க பிள்ள, நீங்க பிழையாய் விளங்கிற்றீங்க என்று சொல்லுகிற அளவுக்கு இங்கிலீசு சீதேவியிடம் இருக்கவில்லை. வேலை கிடைத்தது.

என்ன நடந்திருக்கிறது என்பது மூன்றாம் நாள்தான் அவளுக்கு முழுதாக விளங்கியது. லின் ஒரு பெயர்ப்பட்டி எழுதிக்கொண்டு வந்து அவளுடைய சட்டையில் குத்திவிட்டாள். 'சீதேவி, டண்டினோங்.'

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் லின்னின் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதலாளி எங்கே, அந்த அவுஸ்திரேலியர்?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்பார்கள். ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். முன்பெல்லாம் லின் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாளாம். இப்போது சீதேவியின் தோளில் கையைப் போட்டு, "இதோ, எங்கள் ஊரில் இருந்து இன்னொருவர்" என்று காட்டத் தொடங்கினாள். துணைக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோசம் அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியே தெரியும். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க சீதேவிக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவள் படிக்கத் தொடங்கினாள். பின்னேரம் ஆறு மணிக்கு இங்கே இருந்து எடுத்தால் சஜிதாவுக்கு அங்கே அடுத்த நாள் காலை.

"சஜி, உங்கட ஊர்ப் பேக்கரியில என்ன விக்கிறாங்க?"

"வியட்நாம்காரன்ட பாண் ரோல் கா. உள்ளுக்குப் பன்றி இறைச்சியும் கொத்தமல்லி இலையும் வைப்பான்."

"அது இல்லடி. அவுஸ்திரேலியாச் சாமான்."

"கம்போடியாக்காரன்ட இறைச்சிப் பை இருக்கு. அவன் பரிசெல்லாம் வாங்கினவன். கிரேக்கன்ட கடையில பால் பை, லெபனான்காரன்ட கீரை ரொட்டி, இத்தாலிக்காரன்ட..."

"இஞ்ச மொன்ட்ரியாலில இருக்கிறதையே திருப்பிச் சொல்லுறாய். வெள்ளைக்காரர் என்ன சாப்பிடுறாங்க எண்டு கேக்கிறன்."

"அவங்களும் இதைத்தான் சாப்பிடுறாங்க கா!"

தங்கச்சிக்குப் பேக்கரி பற்றி ஒன்றும் தெரியாது என்று சீதேவி தீர்மானித்துக்கொண்டாள். தெரியவேண்டியவற்றைக் கடையிலேயே பழகினாள். சொக்கிளேற்றில் தோய்த்துத் தேங்காய்ப்பூவில் பிரட்டிய சதுரக் கேக்குக்கு லாமிங்டன் என்று பேர். இரண்டு தட்டு மாவுக்கு நடுவில் கட்டிக் கஸ்ராட்டு வைத்ததற்கு வனிலா சிலைஸ் என்று பேர். அதைப் பார்த்த கியூபெக்காரர்கள் எல்லாரும் ஒரே வாயாக, இது எங்களுடைய மில்ஃபெய் என்றார்கள். இறைச்சிப் பையைப் பார்த்து, இது எங்களுடைய தூர்த்தியேர், குட்டியாய்ச் செய்திருக்கிறீர்கள் என்றார்கள். "என்னத்தைக் கொண்டுவந்து வைச்சாலும் தங்கட எண்டுறாங்க" என்று சீதேவி வீட்டில் வந்து சொன்னாள். அவுஸ்திரேலியாவின் மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு தன்னிடம் வந்துவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் மசியவில்லை. வெள்ளைப் பாணில் பட்டர் பூசி, கலர் கலரான சீனிமணிகளைத் தூவி, முக்கோணமாய் வெட்டினால் அது தேவதைப் பாணாம். பிறந்தநாளுக்கு வைப்பார்களாம். "இதைக் கடையில வைச்சா, வீட்டில பாண் இல்லாத ஆக்கள்தான் வருவாங்க" என்று அதைக் கண்ணாடிப் பெட்டியின் ஆகக் கீழ்த் தட்டுக்கு மாற்றினாள். பிள்ளைகளின் கண் மட்டம் அதுதான் என்பதை யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் முடிவது அதுதான்.

இனி அவள் செய்த பெரிய குற்றத்துக்கு வருவோம். சனவரியில் ஒரு புதன்கிழமை லின்னின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கார்டரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து அழைப்பு வர, அவள் ஓடிவிட்டாள். இறைச்சிக் கலவை அடுப்பில் இருந்தது. சீதேவி ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை. லின்னைக் குறை சொல்லவும் ஏலாது. அவள் இறைச்சி தின்னாதவள். பேக்கரி வைத்திருந்த தகப்பனின் சமையல் குறிப்புக் கொப்பியைப் பார்த்து, தராசில் நிறுத்துச் செய்கிறவள். சீதேவியின் கைப்பையில் மத்தியானச் சோற்றுக்கென்று ஒரு சின்னப் போத்தல் வறுத்த கறித்தூள் எப்போதும் இருக்கும். கை தானாகப் போனது. ஒரு தட்டுப் பைக்கு மட்டும் போட்டாள். பிறகு எது எதென்று தெரியாமல் போய்விடுமே என்ற பயத்தில், அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொரு பையின் ஓரத்திலும் பெருவிரலால் ஒரு குழி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குள் குழி வைத்த பை முடிந்துவிட்டது. அடுத்த நாளும், லின் முன்பக்கம் நிற்கிற நேரம் பார்த்து, ஒரு தட்டு. அதற்கடுத்த நாளும். "குழி உள்ளது இருக்கிறதா?" என்று ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். அது அடுப்பின் சூட்டில் வருகிற குழி என்று லின் நினைத்தாள்.

ஏப்ரலில் வந்தது வினை. மொன்ட்ரியாலில் இருக்கிற அவுஸ்திரேலியர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்பதே அதுவரை சீதேவிக்குத் தெரியாது. அந்தச் சங்கத்தார் இருபத்தைந்து பேர், தங்கள் போர்வீரர்களை நினைவுகூருகிற நாளுக்கு முதல் சனிக்கிழமை, கடைக்கு வந்து ஓட்ஸ் பிஸ்கட்டும் பையும் சாப்பிடப் போகிறார்களாம். வட்டாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, டண்டினோங் சீதேவியைப் பேட்டி எடுக்கப் போகிறாளாம்.

சீதேவிக்கு அந்தக் கிழமை சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தரம் உண்மையைச் சொல்லப் போனாள். முதல் தரம் லின், "உங்களால்தான் இந்தக் கடை உண்மையான அவுஸ்திரேலியக் கடை மாதிரி இருக்கிறது" என்றாள். இரண்டாம் தரம் மாவு பிசைகிற இயந்திரம் பழுதானது.

"இஞ்சருங்க, நான் என்ன செய்யிற?" என்று கணவரைக் கேட்டாள்.

"இப்ப ஏன் குழப்புவான்? பேந்து சொல்லலாம்" என்றார் இரவிச்சந்திரன்.

"உங்கட ஊர்ப் பேந்துக்கு முடிவே இல்ல. எங்கட ஊர் மறுகா எண்டாலும் ஒரு நாளைக்கு வரும்."

சனிக்கிழமை வந்தது. சங்கத்தாரும் வந்தார்கள். நெடுநெடுவென்று தாடிக்காரர் ஒருவர், இரட்டைப் பிள்ளைகளோடு ஒரு தம்பதி, செம்பட்டைத் தலைமயிர் மாணவர்கள் சிலர். சீதேவி கௌசியிடம் பழகிய 'குடாய்' என்ற வணக்கத்தை ஒவ்வொருவருக்கும் பிழையில்லாமல் சொன்னாள். இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், கடைசி ஆளாக ஒரு வயதான பெண்மணி உள்ளே வந்தார். கையில் ஊன்றுகோல், கழுத்தில் சிலுவை, நிறம் சீதேவியின் நிறம்.

"குடாய்" என்றாள் சீதேவி.

அந்தப் பெண்மணி பெயர்ப்பட்டியை வாசித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"சீதேவி எண்டு பேர். மட்டக்களப்பா மகள்?" என்று தமிழில் கேட்டார்.

சீதேவி கையில் இருந்த பைத் தட்டை நீட்டினாள். "ஓம். நீங்க?"

"நானும் அங்கதான், புளியந்தீவு. பேர் மாக்கிரட். முப்பத்தொரு வருஷம் மெல்பேணில இருந்தனான். இப்ப மகளோட இஞ்ச. டண்டினோங்கில நீங்க எந்த றோட்டு?"

"ஸ்டேஷனுக்குப் பக்கத்தில."

"ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?"

சீதேவி யோசித்தாள். "இந்தப் பக்கம்."

மாக்கிரட் ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தார். தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். எடுத்தது குழி வைத்த பை. ஒரு கடி கடித்தார். மென்றார். கண்ணை மூடித் திறந்தார்.

"இதுக்குள்ள கறித்தூள் போட்டது ஆரு?"

அவ்வளவுதான். ஆறு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நேர்முகம், தங்கச்சி, பெயர்ப்பட்டி, கறித்தூள், பெருவிரல் எல்லாவற்றையும் சீதேவி தமிழில், கண்ணீரோடு, கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிக்க நாலு நிமிடம் பிடித்தது. பத்திரிகைக்காரி எழுதுகிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன சொல்லுகிறார்?" என்று லின் பதறினாள்.

மாக்கிரட் வாயைத் துடைத்துக்கொண்டு இங்கிலீசில் மொழிபெயர்த்தார். "அவுஸ்திரேலியாவுக்கு ஒருநாளும் போனதில்லையாம். பைக்குள் கறித்தூள் போட்டாளாம்."

தாடிக்காரர் முன்னுக்கு வந்தார். சீதேவி பின்னுக்குப் போனாள்.

"கறிப் பை இருக்கிறதா?" என்றார் அவர். "எங்கே?"

"குழி உள்ளது" என்றார் மாக்கிரட்.

சங்கம் முழுவதும் தட்டுகளின் மேல் குனிந்தது. எங்கள் ஊர்ப் பேக்கரியில் கறிப் பை இல்லாத நாள் இல்லை என்றார் ஒருவர். இவ்வளவு காலமும் இங்கே ஏன் அது இல்லை என்று கேட்க வெட்கமாக இருந்தது என்றார் இன்னொருவர். பெருவிரல் குழியைத் தேடி நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

லின் மட்டும் அங்கே நிற்கவில்லை. பின்பக்கம், மா மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். சீதேவி ஏப்ரனைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். லின் அதை வாங்கவில்லை.

"எனக்கு இந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன்" என்றாள்.

சீதேவி தன்னிடம் இருந்த இங்கிலீசை எல்லாம் திரட்டினாள். "சிஸ்டர் ட்ரூ. டண்டினோங் ட்ரூ. மீ ஒன்லி நொட் ட்ரூ."

லின் முதலில் அழுதாளா சிரித்தாளா என்று சீதேவிக்கு இன்றைக்கும் சந்தேகம். முடிவில் இரண்டு பேரும் மா மூட்டையில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தார்கள். பிறகு லின் தகப்பனின் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். கறிப் பை. மிளகாய்த்தூள் போட்ட சொசேஜ் ரோல். வியட்நாம் பாண் ரோல். ஸ்பிறிங்வேலில் தகப்பன் முப்பது வருடம் விற்றவை. இவற்றை வைத்தால் இது அவுஸ்திரேலியக் கடை என்று மொன்ட்ரியாலில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று பயந்து, அந்தப் பக்கங்களை அவள் திறக்கவே இல்லையாம்.

"என்ட தங்கச்சி இதைத்தான் சொன்னவள்" என்று சீதேவி தமிழிலேயே சொன்னாள். அன்று பின்னேரம் சஜிதாவுக்குப் போன் எடுத்து மன்னிப்பும் கேட்டாள்.

அடுத்த கிழமையிலிருந்து கடையில் கொப்பியின் கடைசிப் பக்கங்களும் விற்பனைக்கு வந்தன. மாக்கிரட் புதன்கிழமைகளில் வந்து, பையின் ஓரம் தடிப்பு என்று குறை சொல்லி இரண்டு பை சாப்பிடுவார்.

பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. கடையில் அன்று காதில் விழுந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் பத்திரிகைக்காரி எப்படிக் கோர்த்தாளோ தெரியாது. அவுஸ்திரேலியாவின் அழகிய கடற்கரை நகரமான மட்டக்களப்பில் பிறந்த சீதேவி என்று பிரெஞ்சில் அச்சாகியிருந்தது. திருத்தச் சொல்லி லின் இரண்டு தரம் கடிதம் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் ஓய்வுபெற்ற ஒரு கியூபெக் தம்பதி அந்தப் பத்திரிகைத் துண்டோடு கடைக்கு வந்தார்கள். குளிர்காலத்துக்கு எங்கேயாவது போக வேண்டும், மட்டக்களப்பு எப்படி என்று கேட்டார்கள். "நொட் அவுஸ்திரேலியா. சிறிலங்கா" என்று சீதேவி நிறுத்தி நிதானமாக மூன்று தரம் சொன்னாள். பரவாயில்லை என்றார்கள். மார்கழி மழையில் போகாதீங்க, மாசியில் போங்க, நண்டுக் கறி சாப்பிடாமல் வராதீங்க என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.