பேச்சிராஜ் சொல்லும் பின்லாந்துக் கதை

பென் டிரைவைச் சொருகி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடத் தொடங்கியதும் பேச்சிராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கதையை ஆரம்பித்துவிடுகிறார். வந்தவர் கேட்கிறாரா, போனைப் பார்க்கிறாரா என்பது அவருக்குப் பொருட்டில்லை.

“பின்லாந்துன்னு ஒரு நாடு. அங்க ஒரு காலேஜ் பையன். பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுத யூனிக்ஸுங்கற சிஸ்டம் மாதிரி ஒண்ணு வீட்டுலயும் ஓடணும்னு அவனுக்கு ஆச. வாங்க வசதி கிடையாது. என்ன செஞ்சான்? களவாங்கல. ஒக்காந்து தானே எழுதுனான். தொண்ணூத்தொண்ணுல.”

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், புரோட்டாக் கடையை ஒட்டிய ஒற்றை ஷட்டர் கடை. கம்பெனி பஸ் கடக்கும்போதெல்லாம் கண்ணாடி அலமாரி அதிரும். பேச்சிராஜ் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். வயது நாற்பதை நெருங்குகிறது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். டீயை ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். பழைய மடிக்கணினிகளோடு வரும் தொழிலாளர்களுக்கு அவர் போட்டுத் தருவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் மட்டும்தான்.

கதை அதோடு முடியாது. அந்தப் பையனுக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர், மென்பொருள் எல்லாருக்கும் சுதந்திரமாகக் கிடைக்க வேண்டும் என்று கிளம்பி, கூட்டாளிகளோடு வேண்டிய கருவிகளையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். “சட்டி, பான, கரண்டி எல்லாம் ரெடி. அடுப்புதான் அமையல. இவன் அடுப்பக் கொண்டாந்தான். ரெண்டும் சேந்ததுதான் இது. யார் வேணாலும் காப்பி எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். போலீஸ் வராது.”

என் பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு நான் அங்கே இருந்தபோது சீருடையில் ஒரு வாலிபர் வந்தார். “அண்ணா, கிராக் விண்டோஸ் போட்டுக் குடுண்ணா. கேம் ஆடணும்.”

“அது எங்கிட்ட இல்ல தம்பி.”

“இன்னாண்ணா, ஊர்ல எல்லாரும் போட்டுக்கினுதான கீறாங்க?”

பேச்சிராஜ் மடிக்கணினியை மூடித் துடைத்து அவரிடமே கொடுத்துவிட்டார். அன்று மாலைவரை வேறு யாரும் வரவில்லை.

திருட்டு நகல் போட மாட்டேன் என்பதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டேன். முன்பு கார் சீட் தைக்கும் ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் இருந்தாராம். ஆபீஸ் முழுக்கத் திருட்டு நகல் போடச் சொன்னார் மேனேஜர். ஒருநாள் போலீஸார் சோதனைக்கு வந்தார்கள். எங்களுக்குத் தெரியாமல் அவன் செய்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் மட்டும். கொஞ்ச நாள் உள்ளேயும் இருந்துவிட்டு வந்தார்.

“போட்டது நாந்தான். இல்லங்கல. போடச் சொன்னது நான் இல்ல. அத மட்டும் கோர்ட்டுல சொல்லிரணும். அதுக்குத்தான் இத்தன வருசமா நடக்கேன்.”

அடுத்த வாய்தாவுக்கு நானும் போனேன். அவர் மனைவி மாரிசெல்வி, வயர் பின்னும் கம்பெனியில் லைன் வேலை பார்ப்பவர், இரவு ஷிப்டு முடிந்த சீருடையோடு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் பேச்சிராஜ் எழுத்தர் மேசையிலிருந்த திரையை முகவாயால் சுட்டிக் காட்டினார். அங்கே ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ். “நம்மாளு,” என்றார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வராந்தாவில் வக்கீல் தமிழ்வாணன் அவரை ஓரமாக அழைத்தார். “ஒத்துக்கினா ஃபைனோட போயிடும்பா. சாட்சி, விசாரணைன்னு போனா இன்னும் இழுத்துக்கினே கிடக்கும். மேனேஜர் சொன்னார்னு காட்ட உன்கிட்ட இன்னா கீது?”

மாரிசெல்விதான் பேசினார். “ஒத்துக்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு அந்த சூப்பர்வைசர் முன்னால நிக்க முடியல எனக்கு.”

“நான் திருடன்னு ஆயிருமே, செல்வி.”

“இப்ப மட்டும் ஊருல என்ன சொல்லுதாவ?”

பெயரைக் கூப்பிட்டதும் பேச்சிராஜ் கூண்டில் ஏறினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். பேச்சிராஜ் திரும்பி மாரிசெல்வியைப் பார்த்தார். மறுபடி கேட்டார்கள்.

“ஆமாங்கய்யா.”

அபராதம். அதோடு, நீதிமன்றம் கலையும்வரை காவல். பின்னால் சுவரோரம் இருந்த பெஞ்சைக் காவலர் காட்டினார். பேச்சிராஜ் போய் உட்கார்ந்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் அந்த லினக்ஸ் திரைப்பக்கம் குனிந்து, அவர் ஒப்புக்கொண்டதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். விசைகளின் சத்தம் பெஞ்சுவரை கேட்டது. பேச்சிராஜ் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து, பெஞ்சின் மறுபக்கம் காலைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.