மண் தின்ன வந்த கிளிகள்

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் கணவரின் இடக்கண்ணை முழுதாகவும் வலக்கண்ணை அரைவாசியும் தின்று முடித்த வருடத்தில்தான் நாங்கள் அமேசன் காட்டுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மொன்றியலில் இருந்து தமிழர் புறப்படுவதென்றால் ரொறன்ரோவில் ஒரு கலியாணம், லண்டனில் ஒரு சாமத்தியவீடு, இல்லாவிட்டால் ஊரில் கோயில் திருவிழா. குருவி பார்க்கவென்று விமானம் ஏறிய முதல் யாழ்ப்பாணச் சோடி நாங்களாகத்தான் இருக்கவேண்டும்.

குருவிப் பைத்தியம் அவருக்கு மொன்றியல் புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய பிறகு பிடித்தது. ஒரு பனிக்காலத்துக் காலை, கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்ற மனுசன் அப்படியே நின்றுவிட்டார். வேலியில் ஒரு சிவப்புக் குருவி. சுற்றிவர வெள்ளை, நடுவில் அது. அதற்குப் பிறகு ஞாயிறென்றால் பைனாகுலரும் கழுத்துமாக ஆற்றங்கரைப் பூங்காதான். தேத்தண்ணிப் போத்தலோடு நான் பின்னால். "அந்தக் கொப்புக் கவருக்கு மேலை, கொஞ்சம் இடப்பக்கம், வால் ஆடுது. கண்டீரோ?" என்பார். நான் காணாமலே "ஓம், ஓம்" என்பேன். கால் விறைக்கும் குளிரில் வேறென்ன சொல்வது?

பேந்து கண்ணுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியது. கண்ணிலேயே ஊசி போட்டார்கள். இருப்பதைக் கொஞ்சக் காலம் காப்பாற்றலாம், போனதைத் திருப்பித் தர முடியாது என்றார் வைத்தியர். இவர், வீட்டு வாசலில் காரை நான் நிறுத்திய பிறகு சொன்னார்.

"சின்னக் குருவியள் இனி எனக்குச் சரிவராது. பெரிசா, சிவப்பா, கூட்டமா வாறதைப் பாப்பம்."

பெரிய சிவப்புக் கிளிகள் விடியற்காலையில் கூட்டங்கூட்டமாக வந்து ஆற்றங்கரை மண்ணைத் தின்னும் இடம் ஒன்று அமேசன் காட்டில் இருக்கிறது என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். அவருடைய அக்கா தொலைபேசியில், "கண் கெட்ட பிறகே சூரிய நமஸ்காரம்?" என்று கேட்டா. "கெட முதல்தான் அக்கா போறன்" என்றார் இவர். நானும் கத்திப் பார்த்தேன். கேட்கிற மனுசனா?

அந்தக் காட்டில் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு குருவியை ஒழுங்காகக் காணாத எனக்கு எல்லாம் தெரிந்தது. கொப்பில் தலைகீழாகத் தொங்கிய பிராணி தெரிந்தது. தண்ணீரில் கட்டைபோலக் கிடந்த முதலை தெரிந்தது. இவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, "அது குரங்கு உறுமுது, என்ன?" என்று கேட்பார். பார்க்க ஆசைப்பட்டவரை விட்டுவிட்டு எனக்கு அள்ளிக் கொடுக்கிற கடவுளை என்னவென்று சொல்வது!

கிளிகளுக்காக, வழிகாட்டியோடும் வேறு சில பயணிகளோடும் இருட்டோடு படகில் போய், ஆற்றின் மறுகரையில் ஓலைக் கொட்டிலுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். கதைக்கக் கூடாது. முதல் நாள் மழையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் மரத்தில் பருந்து இருந்ததால் கிளிகள் இறங்கவில்லை. கடைசி நாள் படகில் இருந்து இறங்கும்போது இவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். சேறு வழுக்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

அன்று தூறல் விட்டதும் அவை வந்தன. மேலே ஒரே சத்தம், பிறகு ஒவ்வொன்றாக எதிர்க்கரை மண்சுவரில் இறங்கின. முக்காலியில் நின்ற பெரிய தொலைநோக்கியில் முதல் பார்வையை, கண் ஏலாதவர் என்று, கூட வந்தவர்கள் இவருக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள். இவர் குனிந்தார். வலக்கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, என் காதோடு சொன்னார்.

"ஓம், வடிவாத் தெரியுது. என்ன சிவப்பு! நீர் பாரும்."

எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. நான் குனிந்து பார்த்தேன். கும்மிருட்டு. முன் கண்ணாடியில் தூறலுக்குப் போட்ட மூடியை வழிகாட்டி கழற்ற மறந்திருந்தான்.

பூங்காவில் நான் சொன்ன அதே "ஓம்". எனக்காகச் சொல்லியிருக்கிறார், இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டேனே என்று. மூடியின் இருட்டைத் தன் கண்ணின் இருட்டென்று எடுத்துக்கொண்டு, அதையும் விழுங்கிக்கொண்டு, வடிவாயிருக்கு என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. மூடிதானே? மூடியைக் கழற்றலாம்தானே? கொட்டிலின் சட்டம் கிடக்கட்டும் என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"இஞ்சருங்கோ, மூடி போட்டுக் கிடந்தது. நீங்கள் பாத்தது மூடியை."

பொய் பிடிபட்டதற்கு வெட்கப்படுவார் என்று பயந்தேன். இல்லை. முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப அது மூடியே?" என்றார், சின்னப் பிள்ளைபோல. "மூடியே? நான் கண்தான் முழுக்கப் போயிட்டுதெண்டு..." தட்டுத்தடுமாறித் தொலைநோக்கியைப் பிடித்தார்.

நான் மூடியைக் கழற்றினேன். கழற்றின கையோடு ஒருதரம் குனிந்து சரிபார்த்தேன். மண்சுவர் முழுக்கக் கிளிகள். அலகில் மண் ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. விலகி அவரை விட்டேன்.

அவர் கண்ணை வைத்தார். கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். வெளியே கிளிகள் கத்திக்கொண்டே இருந்தன. பிறகு, கண்ணை எடுக்காமலே, பொறுமையாகக் கேட்டார்.

"இன்னும் கழட்டேல்லையோ?"